உறுதி இல்லாத வீடு

1 ஓகஸ்ட் 2024, வியாழன். தம்புள்ளை

மதவாச்சியில் மன்னார் வீதி வந்து சேர்கிறது. அங்கிருந்து மிகிந்தலை, மரதன்கடவல, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. கிளிநொச்சியிலிருந்து இன்று நான் பஸ்ஸில் வந்த ஏ9 வீதியின் தென்பகுதி எங்கள் மலையக ஆட்கள் நடந்து வந்த பாதை. கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து புறப்பட்டு, இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அப்புறம் ஏறத்தாழ 150 மைல் காடு. நல்ல தண்ணீர் கிடையாது. வாந்திபேதி ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் கால் உள்ளவர்கள் நடந்தார்கள், விழுந்தவர்கள் விழுந்த இடத்தில் கிடந்தார்கள். கிணறுகளையும் தங்குமடங்களையும் நோய்க் கொட்டகைகளையும் அரசாங்கம் பிறகுதான் அமைத்தது. 1840களில் இந்த வழியில் செத்தவர்களின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சித்தப்பா பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். வீட்டுக்கு வர இரவு பத்தாகிவிட்டது. போன வருடத்து நடைபயணத்தைப் பற்றிக் கேட்டதும் களைப்பை மறந்து பேசினார். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்று பெயர் வைத்து, தலைமன்னாரில் ஜூலை 28 தொடங்கி மாத்தளையில் ஓகஸ்ட் 12 முடித்தார்கள் அல்லவா, அந்த நடை. தம்புள்ளையைக் கடந்தபோது இவர் பேனையைக் கல்லாவில் போட்டுவிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்து நடந்தாராம்.

“நம்மாளுங்க மட்டும் இல்லம்மா. சிங்கள ஆளுங்களும் தண்ணிப் போத்தலோட ரோட்டுல நின்னாங்க. எனக்கு அழுகை வந்திருச்சு” என்றார்.

வந்த காரணம் இரண்டு. தாத்தா பிறந்த லயத்துக் காம்பராவை, அந்தத் தோட்டத்து வரிசைவீட்டு அறையை, அம்மாவுக்காகப் பார்த்து வர வேண்டும். அதற்கு முன், லயத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கும் இடத்தைக் கம்பளைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டை எப்படிப் பார்ப்பது என்று முதலில் கற்றுக்கொண்டு போனால் நல்லது என்று தோன்றியது.

2 ஓகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. சித்தியோடு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். காட்டுப் பாதை முடிந்து மலை தொடங்கும் ஊர் மாத்தளை. பிழைத்து வந்தவர்கள் வில்வ மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட அம்மன்தான் இன்றைக்குக் கோபுரத்துக்குக் கீழே இருக்கிறாள் என்பார்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோயில். 1983 ஜூலைக் கலவரத்தில் எரித்தார்கள்; தேர்களும் எரிந்தன. மறுபடி எழுந்து நிற்கிறது. கூட்டத்தில் தோட்டத்துப் பெண்கள்தான் அதிகம், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, மாவிளக்குத் தட்டோடு.

திரும்பும் பஸ்ஸில் சித்தி கேட்டார்: “ஏம்மா, நம்மளக் கொண்டாந்தது அடிமையாவா, கூலியாவா? டீச்சருக்குத் தெரியணுமே.”

ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சட்டப்படி அடிமைகள் இல்லை. பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தனத்தை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கே 1844இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அது முற்றாக நீங்கியது. நீக்கப்பட்ட அந்த அடிமைத்தனம் எங்கள் வடக்கில் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளை எப்படி விற்பது, எப்படிப் பங்கிடுவது என்பதற்கே விதிகள் உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயரோடு அந்த ஏடுகளில் நிற்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் மலையகத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் குடும்பங்கள் விடுதலைக்குப் பின் வாங்கிக் கட்டிய வீடு ஒன்றுக்காவது யாராவது ஒரு பலகை நட்டிருக்கிறார்களா? என் கண்ணில் படவில்லை.

இனி எங்கள் கதை. ஜமெய்க்காவில் 1834க்கும் 1838க்கும் இடையில் அடிமைகள் விடுதலையானதும் அங்கே தோட்டங்கள் சரிந்தன. 1835இல் இலங்கைக் கோப்பிக்குப் பிரித்தானியாவில் வரிச்சலுகை வந்தது. 1837இல் ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்ற துரை ஜமெய்க்காவில் கற்ற கோப்பிப் பயிர்முறையைக் கண்டி மலைகளுக்குக் கொண்டு வந்தார். அடிமைகளின் கைகளால் தேர்ந்த வேலைமுறை அது. கன்றை எவ்வளவு இடைவெளியில் நடுவது, எப்படிக் கவ்வாத்து வெட்டுவது, பழத்தை எப்படி உரிப்பது, ஆட்களை எப்படி வரிசையில் நிறுத்துவது எல்லாமே அதற்குள் அடக்கம். அடிமை இல்லை என்பதால் ஆள் தேடினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பஞ்சத்தில் கிடந்த ஊர்கள் இருந்தன.

1841இல் ஒரு வேலை ஒப்பந்தச் சட்டம் வந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. அடிமைத்தனத்தை ஒழித்த சட்டத்துக்கு மூன்று வருடம் முன்னால் இது வந்துவிட்டது. 1865இல் இன்னொரு சட்டம் அதை மறுபடி உறுதியாக்கியது. சித்திக்கு நாளைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: சந்தையில் நிறுத்தி விற்கவில்லை, ஆனால் போகிறேன் என்று சொன்னவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

3 ஓகஸ்ட், சனி

விடியுமுன் கண்டி பஸ். கண்டியில் மாறிக் கம்பளை. ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1820களின் நடுவில் முதல் கோப்பித் தோட்டம் போட்ட சிங்கபிட்டிய கம்பளையை அடுத்துத்தான் இருக்கிறது. 200 ஆண்டுக் கணக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அருங்காட்சியகம் மேலே, ஒரு தோட்டத்துப் பழைய லயத்தில். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் திறந்தது.

இலங்கையில் தேயிலைக்கு அருங்காட்சியகம் வேறு உண்டு. அங்கே இயந்திரம் இருக்கும், துரைமார் படம் இருக்கும். 1867இல் லூல்கந்துரையில் முதலில் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நட்ட குழியை வெட்டியவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. கம்பளைக்கு வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, உரல், விளக்கு, தப்பு, காதிலும் கழுத்திலும் போட்டவை, பழைய தாள்கள். எல்லாம் வீட்டுச் சாமான். தொட்டுப் பார்க்கத் தோன்றும் சாமான். இதுபோன்ற அம்மியில் அம்மாயி அரைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காம்பரா ஒன்றுக்குள் வெகு நேரம் நின்றேன். பழைய லயக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம், நின்று பார்த்தால்தான் அந்த அளவு உடம்புக்குத் தெரிகிறது. முன்னால் சின்ன இஸ்தோப்பு. அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு வைப்பார்கள். உள்ளே மூன்று தலைமுறை படுக்கும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு மறைவு செய்வார்கள். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் குழந்தை விழிக்கும். தகரக் கூரையில் மழை பெய்தால் பேச்சு நின்றுவிடும். பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்ட, விடியற்காலையில் தப்படிக்கும் சத்தத்துக்குப் பத்துக் காம்பராவும் ஒன்றாக எழும்பும். வேலையாட்கள் எல்லோரும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும் என்று யோசித்துக் கட்டியது. குடும்பம் நடத்துவதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்குள்ளேயே குடும்பம் நடத்தினார்கள், மகளுக்குச் சடங்கு செய்தார்கள், காமன் கூத்துக்கு ஒத்திகை பார்த்தார்கள், தொழிற்சங்கம் பேசினார்கள்.

தாள்களைப் பார்த்தபோது துண்டு முறை நினைவுக்கு வந்தது. ஊரில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், தோணிக்கூலி, வழிச்சோறு, கம்பளி எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். அந்தக் கடன் முழுவதும் கங்காணியின் கணக்கில் சேரும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபாயைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுகிறேன். புதிய துரை அதைக் கட்டுவார். ஆட்கள் கடனோடு கை மாறுவார்கள். 1921இல்தான் துண்டைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அப்படிக் கைமாறியவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும்தான் நாங்கள். மகன் அப்பாவின் கடனோடு பிறந்த வீடு இது என்று அந்தக் காம்பராவின் நடுவில் நின்றபோது சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தால் இதே மாதிரி லயங்களில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பார்த்ததற்கும் அதற்கும் ஒரு நடைதூரம்கூட இல்லை. இந்த இடத்தை நடத்துகிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் ஆட்களே தங்கள் அம்மாயியின் உரலைக் கொண்டு வந்து வைத்த இடம் நாட்டில் வேறெங்கும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டாயம் இங்கே கூட்டிவர வேண்டும், வடக்குப் பிள்ளைகளையும்.

4 ஓகஸ்ட், ஞாயிறு

ஆடி அமாவாசை. சித்தப்பா விடியக் குளித்துவிட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அப்பா பெயர், தாத்தா பெயர், அதற்கு மேல் ஒரு பெயர். அதற்கு மேலே பெயர் கிடையாது. “ரோட்டுல போனவங்க எல்லாருக்கும்” என்று சொல்லி நான்காவது கை தண்ணீரை விட்டார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அதைவிடச் சரியான தர்ப்பணம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் தம்புள்ளைக் குகை விகாரைக்கு ஏறினேன். 1848 ஜூலையில் பிரித்தானியருக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்கு இங்கேதான் முடி சூட்டினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு இறங்கி அரசாங்கக் கட்டடங்களையும் கோப்பிக் களஞ்சியங்களையும் தாக்கினார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னால், 1840இல், உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்று ஒரு சட்டம் வந்திருந்தது. கண்டிக் குடியானவர்களின் காடும் சேனையும் அதன் மூலம் கோப்பித் துரைமாருக்குப் போயின. புதிய வரிகளும், வீதி போட வருடத்துக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும் என்ற விதியும் கடைசிச் சுமை. அதே வருடங்களில் மலைக்குக் கீழே இந்த வீதியில் எங்கள் ஆட்கள் வாந்திபேதியில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவரிடமிருந்து காணியைப் பறித்து, அதில் வேலை செய்யக் காணியே இல்லாத இன்னொருவரைக் கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கையால் அடிபட்டோம் என்பதை இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆசை.

5 ஓகஸ்ட், திங்கள். மாத்தளை

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. மாமி அங்கேதான் இன்னும் இருக்கிறார், கந்தோரில் கேள்வி வரும்.

அம்மாவின் அத்தை மகள் முறை. எழுபது தாண்டிவிட்டார். மூன்று கிலோமீட்டர் முச்சக்கர வண்டி, அதற்கப்புறம் படிக்கட்டு. ஒரு பக்கம் கொக்கோ, மறுபக்கம் இறப்பர், மேலே தேயிலை. பணிய லயத்தில் தாத்தா பிறந்த காம்பரா ஓரத்திலிருந்து இரண்டாவது. மாமியின் கணவர் முன்னால் பலகை அடித்து ஓர் அறையை நீட்டியிருக்கிறார். சுவரில் தாத்தாவின் படம் இல்லை. எம்ஜிஆரும் முருகனும் மாமியின் மூத்த மகனின் பட்டமளிப்புப் படமும் இருந்தன.

“இந்த எடத்துலதான் ஒங்க தாத்தா தொட்டில்” என்று விட்டத்தைக் காட்டினார். நான் அண்ணாந்து பார்த்தேன். மரம் கறுத்துப் போயிருந்தது. கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டு வீடியோவில் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் காம்பராவிலிருந்து குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்களை யாருக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பிறகு 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தாத்தாவின் அண்ணன் கோத்தகிரிக்குப் போனார். திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து. தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனார். அங்கே காடு வெட்டி ஒரு குடிசை போட்டார். அதற்கும் வெகுகாலம் உறுதி இல்லை. மாமியின் அப்பா இங்கேயே இருந்துவிட்டார்.

நாலு தலைமுறை ஒரே காம்பரா. வாடகையும் இல்லை, சொந்தமும் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கிருந்துதான் வரும். கூரையில் தகரம் மாற்ற வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கோழிக்கூடு போட வேண்டுமென்றாலும் கேட்க வேண்டும். போன ஓகஸ்டில், அந்த நடைபயணம் மாத்தளையில் முடிந்து சில நாளிலேயே, எல்கடுவப் பக்கம் ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட அதிகாரியே இடித்துத் தள்ளினார். நாடு முழுக்கப் பார்த்தது. மாமி அதைப் பற்றி ஒரே வரி சொன்னார்: “செத்தா பொதைக்க மண்ணு தர்றாங்க, இருக்கையில கேட்டாத்தான் இல்லைங்கறாங்க.”

மேலே துரை பங்களா இன்று உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. வாசல் வரை போய்ப் பார்த்தேன். புல்வெளி, வெள்ளைத் தூண்கள், பெரிய சன்னல்கள். அதைப் பார்த்ததும் வேறொரு வீடு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் தென் கரோலினாவின் போஃபோர்ட் ஊரில் அது நிற்கிறது. 1839இல் அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிலில் அடிமையாகப் பிறந்தவர் ரொபர்ட் ஸ்மோல்ஸ். 1862 மே மாதம் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் கப்பலொன்றை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கும்போது, தன் குடும்பத்தையும் கூட்டாளிகளையும் ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிப் போனார். சில வருடங்களுக்குள், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த அதே எசமான் வீட்டை வாங்கினார். பிறகு காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தார். 1915இல் அந்த வீட்டிலேயே காலமானார். அந்த வீட்டுக்கு அவர் பெயர்தான். அதைப் படித்த நாளிலிருந்து மனதில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பங்களாவைக் கேட்கவில்லை. தங்கள் கையால் பூசி, மெழுகி, நீட்டி, நாலு தலைமுறை பெற்று வளர்த்த அந்தக் காம்பரா நின்ற மண்ணில் ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ கேட்கிறார்கள், ஓர் உறுதியோடு. ஸ்மோல்ஸின் கையில் இருந்ததும் அதுதானே, ஒரு தாள். அது இருந்ததால்தான் அந்த வீட்டைப் பற்றி இன்று பேச முடிகிறது. லயத்தை அருங்காட்சியகம் ஆக்குவதோடு வேலை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

சாயங்காலம் மாமி தகரப் பெட்டியைத் திறந்தார். வேலையை விட்டபோது தோட்டம் கொடுத்த அவர் அப்பாவின் பத்துச்சீட்டு, பிறப்புப் பதிவுகள், ஊழியர் சேமலாப நிதித் தாள்கள், பழைய செக்ரோலில், தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்த ஒரு கிழிசல். 1950களிலிருந்து இந்த இடத்தில் இருப்பதற்குச் சாட்சியாக இத்தனை தாள் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. “குப்பைன்னு நெனச்சேன்” என்றார். மகன் பிரதேச செயலகத்துக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் வேறு தாள் கேட்டார்களாம். நாளைக் காலை அவனும் நானும் மாத்தளை டவுனுக்குப் போய் எல்லாவற்றையும் நகல் எடுக்கப் போகிறோம். ஒரு பிரதி மாமிக்கு, ஒன்று விண்ணப்பத்தோடு, ஒன்று கம்பளைக்கு அவர்கள் விரும்பினால். தாத்தாவின் பத்துச்சீட்டு அம்மாவின் அலுமாரியில் இருக்கிறதா என்று இரவே கேட்டுவிட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். அம்மாவின் கோத்தகிரிப் பெரியப்பா வீட்டிலும் ஒரு கட்டுத் தாள் இருக்கலாம், வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.